மலைச் சக்கரம் – 9: இரண்டேகாலா, இரண்டரையா?

சென்ற இதழில் சக்கரத்தின் விட்டத்தைப் பார்த்தோம். அதைப் படித்துவிட்டு எழுதியவர்களில் பலரும் அடுத்ததாகக் கேட்டிருப்பது அகலத்தைப் பற்றி. சைக்கிளோடு வந்த டயர் 2.1 அங்குலம், 2.4 போட்டால் நல்லதா, வண்டி கனத்துவிடாதா, மிதிக்கச் சிரமமாகாதா என்கிறார்கள். விட்டம் சைக்கிள் வாங்கும் அன்றே முடிவாகிவிடுகிறது. அகலம் அப்படியில்லை. டயர் தேய்ந்து மாற்றும் ஒவ்வொரு முறையும் அதை நாமேதான் முடிவு செய்ய வேண்டும். அதனால் இந்த வாரம் முழுக்க அகலம்தான்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலைப்பாதைக்கு டயர் அகலத்தைத் தேர்ந்தெடுப்பது என்பது, எவ்வளவு காற்றில் ஓட்டப்போகிறோம் என்று தீர்மானிப்பதுதான். காற்றைக் குறைத்து ஓட்ட வேண்டும் என்பதற்காகவே அகலம். அகலமான டயரை வாங்கி மாட்டிவிட்டு, பழைய டயருக்கு அடித்த அதே காற்றை அடித்தால் காசும் போயிற்று, கனமும் கூடிற்று, கிடைத்தது ஒன்றுமில்லை.

இதை ஏற்றுக்கொள்வது நமக்குக் கொஞ்சம் கடினம். நம் ஊர் சைக்கிள் கடையில் காற்றடித்து முடித்ததும் கட்டை விரலால் டயரை அழுத்திப் பார்ப்பார்கள். கல் மாதிரி இருந்தால் திருப்தி. விரல் உள்ளே போனால் இன்னும் நாலு அடி. தார்ச்சாலையில், கேரியரில் அரிசி மூட்டையோடு போகிறவருக்கு அந்தப் பழக்கம் முற்றிலும் சரி. கல்லும் வேரும் நிறைந்த பாதைக்கு அதே பழக்கத்தோடு போனால் சைக்கிள் ஓடாது, துள்ளும்.

மலை சைக்கிள் பிறந்ததே அகலமான டயரில்தான். 1976 அக்டோபர் 21 அன்று, கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில் ஃபேர்ஃபாக்ஸ் என்ற ஊருக்கு அருகே, காட்டுத்தீ அணைக்கும் வண்டிகள் போக வெட்டிய ஒரு மண் சாலையில் சில இளைஞர்கள் ஒரு போட்டி வைத்தார்கள். சுமார் இரண்டு மைல் தூரத்தில் 1,300 அடி இறக்கம். ‘ரீபேக்’ என்று அந்தப் பாதைக்குப் பெயர். பெடலைப் பின்னோக்கி அழுத்தினால் பிடிக்கும் பழைய கோஸ்டர் பிரேக்தான் அவர்களிடம் இருந்தது. கீழே போய்ச் சேருவதற்குள் ஹப்பில் இருக்கும் கிரீஸ் சூட்டில் உருகிப் புகையாகிவிடும். பிரித்துப் புது கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம்; பாதையின் பெயர் வந்தது அதிலிருந்துதான். சார்லி கெல்லி போட்டியை நடத்தினார். அதன் பின் தொடர்ந்து நடந்த ஓட்டங்களில் கேரி ஃபிஷர் 4 நிமிடம் 22 விநாடியில் இறங்கியது சாதனையாக நின்றது; ஜோ பிரீஸின் சிறந்த நேரம் அதைவிட இரண்டே விநாடி அதிகம். மலை சைக்கிளின் வரலாற்றை யார் எழுதினாலும் இந்த மூவரையும் தவிர்க்க முடியாது.

அவர்கள் ஓட்டியவை யாரோ ஓட்டித் தேய்த்த பழைய ஷ்வின் சைக்கிள்கள். அவற்றைத் தேடித்தேடி வாங்கியதற்கு முக்கியமான காரணம் டயர்: 26 அங்குலம், அகலம் 2.125. பொருளாதார மந்தத்தில் அமெரிக்க சைக்கிள் வியாபாரம் படுத்துக் கிடந்த 1933இல், ஐரோப்பாவில் பார்த்ததை முன்மாதிரியாகக் கொண்டு ஷ்வின் நிறுவனம் கொண்டுவந்த ‘பலூன் டயர்’ அது. சிறுவர்கள் நடைபாதை விளிம்புகளில் ஏற்றி இறக்கினாலும் தாங்க வேண்டும் என்பதற்காகச் செய்தது. மலைக்காக எவரும் கணக்குப் போட்டுச் செய்ததல்ல. நாற்பது ஆண்டுகள் கழித்து, மண் சரிவில் உயிரோடு இறங்கி வர அதுதான் உதவியது. அந்தக் காலத்து ரேஸ் சைக்கிளின் ஒல்லி டயர் அங்கே சில நிமிடங்கள்கூடத் தாங்கியிருக்காது.

அப்படித் தொடங்கிய விளையாட்டு, 1990களில் ஒல்லியானது. இந்தத் திருப்பம் எனக்கு எப்போதும் ஆச்சரியம் தருவது. போட்டிகள் பெருகின, கிராம் கணக்கில் கனம் குறைப்பது வெறியாகிவிட்டது. 1.9, 1.95 டயர்கள், அவற்றில் 40 பி.எஸ்.ஐ. வரை காற்றழுத்தம். சாலைப் போட்டியிலிருந்து வந்த எண்ணம் அது: ஒல்லியும் கடினமும்தான் வேகம். ஆய்வுக்கூடமும் அதற்கு ஒத்து ஊதியது. வழவழப்பான இரும்பு உருளையின் மேல் டயரை ஓடவிட்டு அளந்தால், காற்று கூடக் கூட டயர் எளிதாகத்தான் உருளும். அளவில் பிழையில்லை. ஆனால் எந்த மலையிலும் இரும்பு உருளை கிடையாது.

உருளும்போது சக்தி இரண்டு வழிகளில் வீணாகிறது. தரையில் படும் இடத்தில் டயர் நசுங்கி மீள்கிறது. அந்த நசுங்கலில் ரப்பர் கொஞ்சம் சூடாகிறது. அந்தச் சூடு நம் காலிலிருந்து போன சக்தி. இரும்பு உருளை அளப்பது இதை மட்டும். இரண்டாவது வழி, கல். முட்டை அளவுக் கல் ஒன்று வழியில் கிடக்கிறது. டயர் கடினமாக இருந்தால் சக்கரம் அதன் மேல் ஏறி இறங்க வேண்டும். சக்கரத்தோடு சைக்கிளும், சைக்கிளோடு நாமும் தூக்கப்படுகிறோம். முன்னோக்கிப் போக வேண்டிய சக்தி மேல்நோக்கிப் போய் வீணாகிறது. டயர் மெத்தென்று இருந்தால் கல்லை அது விழுங்கிக்கொள்ளும். நாம் இருந்த உயரத்திலேயே போய்க்கொண்டிருப்போம். ஒரு கல்லுக்கு இது பெரிய விஷயமில்லை. ஒரு கிலோமீட்டருக்கு ஆயிரம் கற்கள் கிடக்கும் பாதையில் இதுதான் எல்லாமே. ஜெர்மனியில் கொலோன் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் மலை சைக்கிளை வெவ்வேறு தரைகளில் ஓட்டி அளந்த ஆய்வொன்றை ஷ்வால்பே டயர் நிறுவனம் நெடுங்காலமாக மேற்கோள் காட்டுகிறது. தார்ச்சாலையில் காற்று கூடினால் லாபம். மண்ணிலும் புல்லிலும் காற்று குறைந்தால்தான் லாபம், அகலமான டயரும் அங்கே எளிதாக உருளும் என்பது அதன் முடிவு.

பிடிமானத்தின் கணக்கு இன்னும் நேரானது. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 82 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பின்சக்கரத்தின் மேல் ஏறத்தாழ 49 கிலோ. டயரில் 40 பி.எஸ்.ஐ. இருந்தால் தரையைத் தொடும் பரப்பு சுமார் 17 சதுர சென்டிமீட்டர். ஒரு தீப்பெட்டியின் மேல்பக்கம் அவ்வளவுதான். காற்றை 25 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் அது 28 ஆகிறது. சரிவில் திரும்பும்போது சக்கரம் வழுக்குமா, நிற்குமா என்பது பெரும்பாலும் இந்த வித்தியாசத்தில் இருக்கிறது. கவனியுங்கள், இந்தக் கணக்கில் அகலமே வரவில்லை. எடையும் காற்றும்தான். அப்படியானால் 1.95 டயரிலேயே காற்றைக் குறைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும்.

அங்கேதான் அகலம் உள்ளே வருகிறது. காற்று குறைந்த ஒல்லி டயர் ஒரு கூர்மையான கல்லில் மோதினால் முழுக்க நசுங்கி ரிம்மைத் தொட்டுவிடும். கல்லுக்கும் ரிம்மின் இரண்டு விளிம்புகளுக்கும் நடுவே ட்யூப் மாட்டிக்கொள்ளும். அந்த ட்யூபை உருவி, காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பாருங்கள். அருகருகே, ரிம்மின் அகல இடைவெளியில், இரண்டு இடங்களில் குமிழி வரும். துடைத்துவிட்டுப் பார்த்தால் இரண்டு சின்னக் கீறல்கள். முள் குத்தினால் ஒரு துளைதான் இருக்கும். இரண்டு கீறல் இருந்தால் குற்றவாளி முள் அல்ல, காற்றுக் குறைவு. உலகெங்கும் இதைப் பாம்புக்கடி என்றே சொல்கிறார்கள். அகலமான டயரில் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே உயரம் அதிகம். 2.1இலிருந்து 2.4க்குப் போனால் உள்ளே அடங்கும் காற்றின் அளவு 30 சதவீதம் கூடுகிறது. நசுங்குவதற்கு இடம் இருப்பதால் காற்றைக் குறைக்க முடிகிறது.

குறைக்க முடிகிறது என்பது மட்டுமில்லை, குறைத்தே ஆக வேண்டும். ஒரே அழுத்தத்தில் குழாய் பருமனாக ஆக, அதன் சுவரில் விறைப்பு கூடும். 2.1 டயரில் 28 பி.எஸ்.ஐ. தரும் அதே மென்மை 2.4 டயரில் வேண்டுமானால் 24, 25க்கு இறக்க வேண்டும். பெரிய டயர் போட்டேன், முன்பைவிட அதிகமாகக் குலுக்குகிறது என்று புலம்புகிறவர்கள் எல்லோரும் இந்த 3, 4 பி.எஸ்.ஐ.யை விட்டுவிட்டவர்கள்தான்.

ட்யூப் இல்லாத டயர் வந்தபின் இன்னும் கீழே இறங்க முடிந்தது. 1999இல் மாவிக் நிறுவனம், மிஷெலின், ஹட்சின்சன் ஆகியவற்றோடு சேர்ந்து மலை சைக்கிளுக்கு ட்யூப்லெஸ் முறையைக் கொண்டுவந்தது. பிறகு உள்ளே ஊற்றும் ரப்பர்பால் கலந்த திரவம் பரவியது. சின்னத் துளைகளை அது தானே அடைத்துக்கொள்ளும். ட்யூபே இல்லையென்றால் பாம்பு கடிக்க எதுவும் இல்லை. ஆனால் ரிம் இருக்கிறது. அதில் அடி விழும்.

இதெல்லாம் தெரிந்த பிறகும் அகலமான டயர் வர ஏன் இத்தனை ஆண்டுகள் பிடித்தன? இடம் இல்லை, அதுதான் காரணம். டயருக்கு மேலே வளைந்து நின்ற பழைய பிரேக் கைகள் ஒரு பக்கம் நெருக்கின. டிஸ்க் பிரேக் வந்து அவற்றை அகற்றியது. முன்பக்கம் மூன்று பல்சக்கரங்களும் அவற்றுக்கு நடுவே செயினைத் தள்ளும் டெரெய்லரும் இன்னொரு பக்கம் அடைத்தன. 2012இல் ஸ்ராம் நிறுவனம் முன்னால் ஒரே பல்சக்கரமும் பின்னால் பதினொன்றும் கொண்ட அமைப்பைக் கொண்டுவந்த பிறகு அந்த அடைசலும் போனது. பின் ஹப்பின் அகலம் 142 மில்லிமீட்டரிலிருந்து 148 ஆனது. ஆறு மில்லிமீட்டர்தான், ஆனால் ஃபிரேம் செய்கிறவர்களுக்கு அது பெரிய வரம். டயரின் கதை பாதிக்கு மேல் டயருக்கு வெளியே நடந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்கிடையே மறுகோடிக்கும் ஓடிப் பார்த்தார்கள். அலாஸ்காவின் பனிப்பாதைகளிலும் நியூ மெக்சிகோவின் மணலிலும் சிலர் தாங்களாகவே செய்துகொண்டிருந்த தடியான சக்கரத்தை, 2005இல் சர்லி நிறுவனம் ‘பக்ஸ்லி’ என்ற சைக்கிளாகக் கடைக்குக் கொண்டுவந்தது. டயர் 3.7 அங்குலம். பனியிலும் மணலிலும் பத்து பி.எஸ்.ஐ.க்கும் கீழே காற்றை இறக்கி ஓட்டலாம். அந்தத் தரைகளுக்குத் தடியான சக்கரத்தைவிடச் சிறந்தது இன்னும் வரவில்லை. பிறகு 2012இல் அதே நிறுவனம் 3 அங்குல டயரோடு ‘கிராம்பஸ்’ கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் 2.8, 3.0 அளவு ‘பிளஸ்’ டயர்கள் எல்லாக் கடைகளிலும் தொங்கின. மெதுவாக ஏறும்போது அவற்றின் பிடிமானம் அபாரம்.

வேகம் எடுத்ததும் குறை தெரிந்தது. டயர் ஒரு ஸ்பிரிங். சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்கோடு, அதை அடக்க எண்ணெய் நிறைந்த டேம்பரும் இருக்கும். டயரில் அப்படி அடக்குவதற்கென்று தனியாக எதுவும் இல்லை. பெரிய டயர் கல்லை விழுங்கும், அடுத்த கணம் துப்பும். காற்று ஒரு பி.எஸ்.ஐ. கூடினால் பந்தாகத் துள்ளும், ஒன்று குறைந்தால் திருப்பத்தில் பக்கவாட்டில் நெளியும். கனத்தைக் கட்டுக்குள் வைக்கப் பக்கச் சுவரை மெலிதாக்கினார்கள். கூரான கல் அதைக் கிழித்தது. இப்போது ஊசல் நடுவே வந்து நிற்கிறது. நாட்டுப்புறப் பாதைகளில் சுற்றும் கிராஸ் கன்ட்ரி உலகக் கோப்பைப் போட்டிகளில், ஒரு காலத்தில் 2.1 போட்டவர்களின் வாரிசுகள் இன்று 2.4இல் ஓட்டுகிறார்கள். பாறைப் பாதைக்கான சைக்கிள்களில் முன்னே 2.5, பின்னே 2.4 என்பது பழக்கமாகிவிட்டது. மெலிந்த சுவரோடு 2.6, தடித்த சுவரோடு 2.4 என்று இரண்டு டயர்கள் கடையில் இருந்தால் நான் யோசிக்காமல் 2.4ஐ எடுப்பேன். அகலத்தைப் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடுகிறார்கள். சுவரின் தடிமன் கையில் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

சரி, உங்கள் சைக்கிளுக்கு வருவோம். கீழே குனிந்து டயரின் பக்கச் சுவரைப் படியுங்கள். பெரிய எழுத்தில் 29 x 2.25 என்று இருக்கும். பக்கத்திலேயே சின்ன எழுத்தில் 57-622 என்று இன்னொரு எண். நம்ப வேண்டியது இந்தச் சின்ன எண்ணைத்தான். 57 என்பது மில்லிமீட்டரில் அகலம், 622 ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம். 622ஓடு இரண்டு பக்கமும் 57 கூட்டுங்கள்: 736 மில்லிமீட்டர், அதாவது 29 அங்குலம். சக்கரத்தின் பெயரிலேயே டயரின் அகலம் அடங்கியிருக்கிறது. ஆகவே 2.1ஐக் கழற்றி 2.4 போட்டால் சக்கரமும் வளர்கிறது. அச்சு தரையிலிருந்து 7 மில்லிமீட்டருக்கு மேல் உயர்கிறது. பெடல் பாறையில் இடிப்பது கொஞ்சம் குறையும்.

அடுத்து ரிம்மின் உள் அகலம். இதைக் கேட்காமல் டயர் விற்கிற கடையில் டயர் வாங்காதீர்கள். பழைய சைக்கிள்களில் 17, 19 மில்லிமீட்டர் இருக்கும்; அதற்கு 2.1 வரை போதும். அதன் மேல் 2.4ஐ ஏற்றினால் டயர் கீழே ஒடுங்கி மேலே பெருத்து நிற்கும். காற்றைக் குறைத்ததும் ஒவ்வொரு திருப்பத்திலும் பக்கவாட்டில் சாயும். எதற்காக அகலம் வாங்கினோமோ அது நடக்காது. 25 மில்லிமீட்டர் ரிம்முக்கு 2.25 முதல் 2.4 வரை, 30 மில்லிமீட்டருக்கு 2.4 முதல் 2.6 வரை பொருந்தும். தலைகீழாகவும் தவறு செய்யலாம். அகல ரிம்மில் ஒல்லி டயர் போட்டால் அதன் முகம் தட்டையாகி, ஓரக் குமிழ்கள் நேரே ஓட்டும்போதே தரையைத் தொடும். ரிம்மின் விளிம்பும் கல்லுக்குக் காவலின்றி வெளியே நிற்கும்.

ஃபிரேமில் இடம் இருக்கிறதா என்பதை அளந்தே பார்க்க வேண்டும். பின்சக்கரத்தின் இரு பக்கமும், பெடல் அச்சுக்குப் பின்னால் ஃபிரேம் குழாய்கள் நெருங்கும் இடத்தில், டயரின் ஓரக் குமிழுக்கும் குழாய்க்கும் நடுவே குறைந்தது 6 மில்லிமீட்டர் வேண்டும். 6 மில்லிமீட்டர் ஆலன் சாவியை அந்த இடுக்கில் நுழைத்துப் பாருங்கள். தடையின்றிப் போய்வந்தால் சரி. புது டயர் ரிம்மில் ஏறிய ஓரிரு நாளில் இன்னும் கொஞ்சம் விரியும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சேற்றில் ஓட்டுகிறவர்களுக்கு இந்த இடைவெளி இரட்டிப்பாக வேண்டும். ஒட்டும் களிமண் டயரோடு சுற்றி வந்து ஃபிரேமில் அடைத்துக்கொண்டால் சக்கரமே நின்றுவிடும். மலைப்பாதையில் ஆழமான சேறு ஒன்றுதான் ஒல்லி டயர் இன்னும் ஜெயிக்கும் இடம். 1.8, 2.0 அளவில் உயரமான குமிழ்களோடு, மேல் சேற்றை அறுத்துக்கொண்டு அடியிலுள்ள கெட்டித் தரையைத் தேடிப் போகும் டயர்கள் அதற்கென்றே உண்டு.

முன்னும் பின்னும் ஒரே அகலம் இருந்தாக வேண்டும் என்பதில்லை. பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன்சக்கரம் வழுக்கினால் விழுந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டயருக்குத்தான் காசு இருக்கிறது என்றால் அகலமானதை முன்னே போடுங்கள், முன்னே இருந்ததைப் பின்னே தள்ளுங்கள்.

நம் ஊரில் மலை சைக்கிள் என்று வாங்கியவர்களில் பெரும்பாலோர் தார்ச்சாலையில்தான் ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு என் பதில் வேறு. குமிழ் டயர் தாரில் ரீங்காரமிட்டுக்கொண்டு உங்கள் சக்தியைத் தின்னும். அகலத்தைவிட முதலில் டயரின் முகத்தை மாற்றுங்கள்: நடுவில் வழவழப்பாக, ஓரத்தில் சிறு குமிழோடு, 1.75 முதல் 2.0 வரை; காற்று 35 முதல் 45 பி.எஸ்.ஐ. வரை, பக்கச் சுவரில் எழுதிய உச்ச அளவைத் தாண்டாமல். சாலையை விட்டு ஒதுங்கினால் சீமைக் கருவேல முள் காத்திருக்கும். அதை எந்த அகலமும் தடுக்காது. ட்யூப்லெஸ் திரவம்தான் வழி; இல்லையென்றால் பஞ்சர் ஒட்டும் சாமான்கள் பையில் எப்போதும் இருக்க வேண்டும்.

மலைப்பாதைக்குப் போகிறவர்கள் டயருக்கு முன் ஒரு காற்றுமானி வாங்குங்கள். 20க்கும் 25க்கும் உள்ள வித்தியாசத்தைக் கட்டை விரல் சொல்லாது. பெட்ரோல் பங்க் மானியும் இந்தச் சின்ன அளவுகளுக்குப் போதாது. உங்களுக்குப் பழகிய, கல் நிறைந்த ஒரே பாதையைத் தேர்ந்துகொள்ளுங்கள். ட்யூப் இருந்தால் 32இல் தொடங்குங்கள், ட்யூப்லெஸ் என்றால் 27இல். ஒவ்வொரு சுற்றுக்கும் 2 குறையுங்கள். எடை கூடுதலாகத் தாங்கும் பின்சக்கரத்தில் முன்னைவிட 2 அதிகம் இருக்கட்டும். ஒரு கட்டத்தில் கல்லில் மோதும்போது ரிம்மில் ‘டங்’ என்று சத்தம் கேட்கும், அல்லது திருப்பத்தில் டயர் நெளிவது தெரியும். அங்கிருந்து 2 ஏற்றிக்கொள்ளுங்கள். அந்த எண்ணைத் தேதியோடும் உங்கள் எடையோடும் குறித்து வையுங்கள். அடுத்த டயர் வாங்கப் போகும்போது, அந்த எண்ணைவிடக் கீழே போக வேண்டியிருந்தது, ஆனால் ரிம் இடித்தது என்றால் ஒரு படி அகலமானதைக் கேளுங்கள். அந்த எண்ணிலேயே எல்லாம் சரியாக இருந்தது என்றால் அதே அகலத்தை வாங்கி, மிச்சக் காசை நல்ல ரப்பரில் போடுங்கள். எது நல்ல ரப்பர், ஒரே டயரில் மூன்று வகை ரப்பர் ஏன் வைக்கிறார்கள் என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)